ஒளிச்சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் கார்பன் டை ஆக்சைடு: அது புரதங்களோடு பிணையும் விதத்தை அறியவும் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடு மூலப்பொருள் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதே மூலக்கூறுக்கு இலைக்குள் இன்னொரு வேலையும் உண்டு என்பதைப் பட்டப்படிப்பு முடித்த பலருங்கூடத் தெளிவாகச் சொல்வதில்லை. அது சில புரதங்களின் குறிப்பிட்ட இடங்களில் போய்ப் பிணைந்து, அந்தப் புரதங்கள் வேலை செய்யலாமா கூடாதா, எவ்வளவு வேகத்தில் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. சர்க்கரையாக மாறும் மூலக்கூறு வேறு, புரதத்தில் அமர்ந்து கட்டுப்படுத்தும் மூலக்கூறு வேறு. இந்தத் துறையில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. எனவே இந்த வழிகாட்டி ஒவ்வொரு படியிலும் எந்த மூலக்கூறைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக் காட்டியபடி செல்லும். உயிர்வேதியியலின் அடிப்படைகளை அறிந்தவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது இது.

முதல் படி: எந்த வடிவம் என்பதைத் தீர்மானித்தல்

நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு தனியாக இருப்பதில்லை. அது நீரோடு வினைபுரிந்து பைகார்பனேட் அயனியாகவும், கார அளவு மிகக் கூடினால் கார்பனேட்டாகவும் மாறுகிறது. இந்த மாற்றம் தானாக நடந்தால் மெதுவாகவே நடக்கும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இருக்கும் இடத்தில் நொடிப்பொழுதில் சமநிலை வந்துவிடும். பிஹெச் 8 அளவில் கரைந்த வாயுவைவிடப் பைகார்பனேட் சுமார் 50 மடங்கு மிகுதியாக இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் இன்றைய காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் கரைந்த வாயுவின் அளவோ ஏறத்தாழ 13 மைக்ரோமோலார் மட்டுமே.

இந்தக் கணக்கு ஏன் முதலில் வர வேண்டும் என்றால், கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் பாதையைத் தொடங்கிவைக்கும் ரூபிஸ்கோ நொதி கரைந்த வாயுவையே பிடிக்கிறது. ஒளியைக்கொண்டு நீரைப் பிளக்கும் புரதத் தொகுப்பான ஒளியமைப்பு இரண்டில் அமர்வதோ பைகார்பனேட். ஒரு சோதனைக் குழாயில் 10 மில்லிமோலார் பைகார்பனேட் சேர்த்தேன் என்று ஒருவர் எழுதினால், பிஹெச் 8இல் ரூபிஸ்கோவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 மைக்ரோமோலார் வாயு. அதுவே இயல்பான காற்றில் கிடைப்பதைப்போல் பதினைந்து மடங்கு. பிஹெச் சொல்லாமல் பைகார்பனேட்டின் செறிவை மட்டும் சொல்லும் எந்த விவரத்தையும் நம்பிக் கணக்கிட வேண்டாம்.

இரண்டாம் படி: கார்பமேட் பிணைப்பின் வேதியியல்

லைசின் என்னும் அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி முனையில் ஓர் அமினோ தொகுதி இருக்கிறது. அது புரோட்டான் ஏற்காத நிலையில் இருந்தால், அருகில் வரும் கார்பன் டை ஆக்சைடின் கார்பன் அணுவைத் தாக்கி அதோடு பிணைந்துகொள்ளும். ஒரு புரோட்டான் வெளியேறும். எதிர்மின் கொண்ட கார்பமேட் உருவாகும். இதற்கு எந்த நொதியும் தேவையில்லை, ஏடிபியும் தேவையில்லை. பிணைப்பு உறுதியற்றது, வாயுவின் அளவு குறைந்தாலோ பிஹெச் இறங்கினாலோ எளிதில் கழன்றுவிடும்.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, புரோட்டான் வெளியேறுவதால் காரச் சூழல் இந்த வினைக்குச் சாதகம். மற்றொன்று, சாதாரண லைசின் இதற்குப் பெரும்பாலும் உதவாது. அதன் பிகேஏ மதிப்பு 10.5 அளவில் இருப்பதால் செல்லுக்குள் அநேகமாக எப்போதும் புரோட்டானைச் சுமந்தபடிதான் இருக்கும். சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் அந்த மதிப்பைக் கீழே இறக்கும்படி அமைந்த மிகச் சில லைசின்களே இந்த வேலைக்குத் தகுதி பெறுகின்றன. இரத்தத்தின் ஹீமோகுளோபினும் கார்பமேட் மூலம் கார்பன் டை ஆக்சைடை ஏற்கிறது. அங்கே அது லைசினில் அன்றி முதன்மையாகச் சங்கிலிகளின் தொடக்க முனை அமினோ தொகுதிகளில் நிகழ்கிறது.

மூன்றாம் படி: ரூபிஸ்கோ விழிக்கும் வரிசை

தாவர ரூபிஸ்கோ எட்டுப் பெரிய உபகுதிகளும் எட்டுச் சிறிய உபகுதிகளும் சேர்ந்த பெரும் புரதம். ஒவ்வொரு வினைமையமும் நொடிக்குச் சுமார் மூன்று மூலக்கூறுகளை மட்டுமே மாற்றும். நொதி உலகில் இது நத்தை வேகம். அதனாலேயே இலை இதை ஏராளமாகத் தயாரித்து வைத்திருக்கிறது. பல சி3 தாவரங்களில் இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை இது ஒன்றாகவே இருக்கும். இவ்வளவு பெரிய முதலீட்டை இரவும் பகலும் ஒரே நிலையில் வைத்திருக்க முடியாது என்பதால், அதற்கு ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

கட்டுப்பாடு இருப்பது பெரிய உபகுதியின் 201ஆம் இடத்து லைசினில். புதிதாகப் பிரித்தெடுத்த, கார்பமேட் இல்லாத ரூபிஸ்கோ செயலற்றது. முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அந்த லைசினோடு பிணைகிறது. இது மெதுவான கட்டம். பிறகு மக்னீசியம் அயனி வந்து, அந்தக் கார்பமேட்டையும் 203ஆம் இடத்து அஸ்பார்டேட்டையும் 204ஆம் இடத்து குளூட்டமேட்டையும் பற்றிக்கொள்கிறது. இது விரைவான கட்டம். மக்னீசியம் சரியான இடத்தில் அமர்ந்த பின்னர்தான் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரை வந்து அமர்ந்து, இரண்டாவதாக வரும் கார்பன் டை ஆக்சைடை ஏற்க ஆயத்தமாகும். அந்த இரண்டாவது மூலக்கூறே சர்க்கரையாகிறது. முதலாவது மூலக்கூறு வினைமையத்திலேயே தங்கி, அடுத்தடுத்த சுழற்சிகளுக்கும் பயன்படுகிறது.

வரிசை மாறினால் என்னவாகும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கார்பமேட் உருவாகுமுன்பே சர்க்கரை வினைமையத்தில் நுழைந்துவிட்டால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். லைசினை எட்ட வாயுவுக்கு வழியிருக்காது. தனது சொந்தத் தளப்பொருளாலேயே முடக்கப்படும் நொதி என்பது முதலில் படிக்கும்போது வடிவமைப்புக் குறைபாடாகவே தோன்றும்.

நான்காம் படி: இரண்டு மூலக்கூறுகளும் வேறானவை என்பதற்கான சான்று

1970களின் தொடக்கம் வரை ரூபிஸ்கோ ஒரு புதிராகவே இருந்தது. பிரித்தெடுத்த நொதிக்குக் கார்பன் டை ஆக்சைடின்மேல் உள்ள நாட்டம் மிகக் குறைவாக அளக்கப்பட்டது. அந்த அளவை வைத்துப் பார்த்தால், காற்றிலுள்ள வாயுவைக்கொண்டு இலை காட்டும் வேகத்தை விளக்கவே முடியாது. 1976இல் லாரிமர், பேட்ஜர், ஆண்ட்ரூஸ் ஆகிய மூவரும், வாயுவும் மக்னீசியமும் சேர்த்துச் சில நிமிடம் ஊறவைத்த பிறகு அளந்தால் நொதி முழுத் திறனோடு இயங்குகிறது என்பதையும், அதில் கார்பன் டை ஆக்சைடு முதலில், மக்னீசியம் பிறகு என்ற ஒழுங்கு இருப்பதையும் காட்டினர். முந்தைய அளவீடுகளில் பலவும் அரைத் தூக்கத்தில் இருந்த நொதியின் அளவீடுகளே என்பது அதன் பிறகு புரிந்தது.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நொதியை எழுப்பிய மூலக்கூறே அடுத்த நொடியில் சர்க்கரையாகிவிடலாம் அல்லவா? இதைத் தீர்த்த சோதனை எளிமையானது, அழகானது. கதிரியக்கக் கார்பன் கொண்ட வாயுவால் நொதியை எழுப்பினார்கள். பிறகு கதிரியக்கமற்ற வாயுவை மிகுதியாக ஊற்றி, கூடவே வினையின் இடைநிலைப் பொருளைப் போலத் தோற்றமளிக்கும் கார்பாக்சி அராபினிடால் பிஸ்பாஸ்பேட் என்னும் தடுப்பானைச் சேர்த்தார்கள். தடுப்பான் வினைமையத்தை மூடிக்கொண்டது. முதலில் பிணைந்த கதிரியக்கக் கார்பன் வெளியேறாமல் புரதத்திலேயே நின்றது. எழுப்பும் இடமும் வினை நடக்கும் இடமும் தனித்தனி என்பது 1979இல் இவ்வாறு நிறுவப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், கழன்றுவிடும் இயல்புடைய அந்தக் கார்பமேட்டை வேதிமுறையில் எஸ்டராக்கி நிலைநிறுத்தி, அது அமர்ந்திருப்பது 201ஆம் லைசின் என்றும் கண்டறிந்தார்கள்.

ஐந்தாம் படி: ஒளி எங்கே நுழைகிறது

கார்பமேட் தானாக உருவாவது என்றால் ஒளிக்கு இதில் என்ன பங்கு? மூன்று வழிகளில் ஒளி நுழைகிறது; அவற்றில் மூன்றாவதே கனமானது.

இருளில் பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமா, அதாவது உள்சவ்வுகளைச் சூழ்ந்த திரவப் பகுதி, பிஹெச் 7 அருகில் இருக்கும். ஒளி விழுந்ததும் தைலகாய்டு சவ்வு புரோட்டான்களை உள்ளே இழுப்பதால் ஸ்ட்ரோமா பிஹெச் 8 வரை ஏறுகிறது. கூடவே மக்னீசியம் அயனிகளும் ஸ்ட்ரோமாவில் கூடுகின்றன. இரண்டாம் படியில் பார்த்த வேதியியலின்படி இவ்விரு மாற்றங்களும் கார்பமேட்டுக்குச் சாதகமே. ஆயினும் இலைக்குள் இருக்கும் வாயுவின் அளவில் இவை மட்டும் போதா; மூன்றாவது வழியும் தேவை.

1982இல் சாமர்வில், போர்டிஸ், ஆக்ரன் ஆகியோர் அராபிடாப்சிஸ் செடியில் ஒரு திடீர்மாற்ற வகையை விவரித்தனர். வாயுவை மிகுதியாகக் கொடுத்தால் அது வளரும். சாதாரணக் காற்றில் வைத்தால் வாடும். அதன் ரூபிஸ்கோவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒளியில் அது எழும்பவில்லை. 1985இல் அந்தச் செடியில் இல்லாமற்போன புரதம் அடையாளம் காணப்பட்டு, ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் எனப் பெயர் பெற்றது.

பெயரைப் பார்த்து ஆக்டிவேஸ்தான் கார்பன் டை ஆக்சைடை லைசினில் ஏற்றுகிறது என்று எழுதிவிடுவோர் உண்டு. அது தவறு. ஆக்டிவேஸ் செய்வது வினைமையத்தில் சிக்கிய சர்க்கரை பாஸ்பேட்டுகளை வெளியேற்றுவது மட்டுமே. ஆறு உபகுதிகள் வளையமாகச் சேர்ந்து, ஏடிபியை உடைத்துக் கிடைக்கும் ஆற்றலால் ரூபிஸ்கோவின் வடிவத்தைச் சற்றுக் குலைத்து, சிக்கியதை விடுவிக்கிறது. திறந்த வினைமையத்தில் கார்பமேட் தானாகவே உருவாகிறது. ஏடிபி ஒளியால் கிடைக்கிறது. ஏடிபி குறைந்து, அது உடைவதால் உண்டாகும் அடினோசின் டைபாஸ்பேட் கூடினால் ஆக்டிவேஸ் தளர்ந்துவிடும். பல தாவரங்களில் ஆக்டிவேஸின் நீண்ட வடிவம் தயோரெடாக்சின் என்னும் சிறு புரதத்தின் வழியாகவும் ஒளியின் நிலையை உணர்கிறது. ஒளி, ஏடிபி, ஆக்டிவேஸ், திறந்த வினைமையம், கார்பமேட் என்று இந்தத் தொடரை வரிசையாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பீன்ஸ், உருளைக்கிழங்கு போன்ற சில தாவரங்கள் இரவில் கார்பாக்சி அராபினிடால் மோனோபாஸ்பேட் என்ற பொருளைத் தயாரித்து, கார்பமேட் கொண்ட வினைமையங்களையே அடைத்துவிடுகின்றன. விடிந்ததும் ஆக்டிவேஸ் அதை வெளியேற்றும். வேறொரு நொதி அதைச் சிதைக்கும். ஆகவே கார்பமேட் இருக்கிறது என்பதால் மட்டும் நொதி இயங்குகிறது என்று முடிவு கட்ட முடியாது.

இந்த ஏற்பாட்டின் விலையையும் சொல்ல வேண்டும். நிழலிலிருந்து திடீரென வெயிலுக்கு வரும் இலையில் ரூபிஸ்கோ முழுமையாக எழும்பச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்த நிமிடங்களில் விழும் ஒளியில் ஒரு பகுதி வீணாகிறது. கோதுமைப் பயிரில் இதனால் ஏற்படும் இழப்பு குறைந்தது 21 சதவீதம் இருக்கலாம் என்று 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு கணக்கிட்டது. மேலும் ஆக்டிவேஸ் வெப்பத்தைத் தாங்காத புரதம். ரூபிஸ்கோ கெடாத மிதமான வெப்பத்திலேயே இது தளர்ந்துவிடுவதால், கடும் வெயிலில் ஒளிச்சேர்க்கை குறைவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. பயிர் மேம்பாட்டு ஆய்வுகள் ஆக்டிவேஸையே சுற்றிவருவதன் காரணம் இவ்விரண்டும்தான்.

ஆறாம் படி: ஒளியமைப்பு இரண்டில் பைகார்பனேட்

ரூபிஸ்கோ ஸ்ட்ரோமாவில் இருக்கிறது. அடுத்த இடம் தைலகாய்டு சவ்வுக்குள், நீரைப் பிளக்கும் ஒளியமைப்பு இரண்டில். இங்கே நடப்பது கார்பமேட் அன்று. பைகார்பனேட் அயனி ஓர் இரும்பு அணுவோடு நேரடியாகப் பிணைகிறது.

1958இல் வார்பர்க்கும் கிரிப்பாலும், கார்பன் டை ஆக்சைடை அகற்றினால் ஆக்சிஜன் வெளியீடே குறைகிறது என்று கண்டனர். வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே வருகிறது என்ற தமது கொள்கைக்கு வார்பர்க் இதை ஆதாரமாகக் கொண்டார். ஆக்சிஜன் நீரிலிருந்து வருவது என்பது ஐசோடோப்பு ஆய்வுகளால் 1941 முதலே வலுப்பெற்றிருந்தது. அவர் கொண்ட விளக்கம் நிற்கவில்லை. அவர் கண்ட விளைவு நின்றது. 1975இல் வைட்ரின்ஸ்கியும் கோவிந்த்ஜியும், பைகார்பனேட்டின் தாக்கம் நீரைப் பிளக்கும் பக்கத்தில் அன்றி எலக்ட்ரானை ஏற்கும் பக்கத்தில் இருப்பதைக் காட்டினர்.

அங்கே கியூஏ, கியூபி என்னும் இரண்டு குயினோன்கள், அதாவது எலக்ட்ரானை ஏற்றுக் கடத்தும் மூலக்கூறுகள், இருக்கின்றன. எலக்ட்ரான் முன்னதிலிருந்து பின்னதற்குப் போகிறது. இரண்டிற்கும் நடுவில் ஹீம் அல்லாத ஓர் இரும்பு அணு; அதை நான்கு ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்க, மீதி இடத்தை ஒரு பைகார்பனேட் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் பற்றியிருக்கிறது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்ட படிக அமைப்பில் இதைத் தெளிவாகக் காணலாம். அந்த அயனி எடுக்கப்பட்டால் கியூபிக்கு எலக்ட்ரானும் புரோட்டானும் போவது தடைபடுகிறது. ஃபார்மேட் சேர்த்து அதை இடம்பெயர்க்கலாம். மீண்டும் பைகார்பனேட் சேர்த்தால் ஓட்டம் திரும்புகிறது. இந்தத் திரும்புதலே இது குறிப்பான பிணைப்பு என்பதற்குப் பழைய, உறுதியான சோதனை.

இதைக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியுமா என்ற ஐயம் நீண்ட நாள் நீடித்தது. அயனி இறுகப் பிணைந்தே இருக்குமானால் அது வெறும் உறுப்பு, கட்டுப்படுத்தி அன்று. 2016இல் ரதர்போர்டின் குழு இதற்கு ஒரு விடை தந்தது. பைகார்பனேட் நீங்கினால் கியூஏவின் மின்னழுத்தம் சுமார் 75 மில்லிவோல்ட் மேலேறுகிறது என்று அளந்தார்கள். அதன் விளைவைச் சற்றே நிதானமாகப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் முன்னே போக வழியில்லாதபோது பின்னோக்கித் திரும்புகிறது. கியூஏவுக்கு முந்தைய எலக்ட்ரான் ஏற்பியான ஃபியோஃபைட்டின் வழியாகத் திரும்பினால் மும்மை நிலைப் பச்சையம் உருவாகி, அது ஆக்சிஜனைத் தாக்கி, புரதங்களை எரிக்கும் ஒற்றை நிலை ஆக்சிஜனாக்கும். கியூஏவின் மின்னழுத்தம் ஏறியதும் அந்த வழி ஆற்றல் அளவில் கடினமாகிவிடுகிறது. எலக்ட்ரான் தீங்கற்ற நேர்வழியில் திரும்புகிறது. கியூஏ நெடுநேரம் எலக்ட்ரானைச் சுமந்திருந்தால் பைகார்பனேட்டின் பிடி தளர்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடு குறைந்து, அதைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி தேங்கினால், எலக்ட்ரான் தேங்கும், அயனி கழலும், ஒளியமைப்பு வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். என் பார்வையில் இந்தத் துறையில் மிக நேர்த்தியான கருத்து இதுவே.

இலைத்துளைகளைப் பற்றி ஒரு சொல் போதும். துளையைத் திறந்து மூடும் காவல் செல்களில் ஹெச்டி1 என்னும் கைனேஸும் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) எம்பிகே4, எம்பிகே12 என்னும் கைனேஸ்களும் வாயு அல்லது பைகார்பனேட் கூடும்போது ஒன்றோடொன்று சேர்கின்றன, ஹெச்டி1 அடங்குகிறது, துளை மூடுகிறது. இந்த இணையே உணரி என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ரூபிஸ்கோவைத் தவிர வேறு தாவரப் புரதங்களிலும் கார்பமேட் உண்டா என்பதைத் தேட, டிரைஎதில் ஆக்சோனியம் அயனியால் அதைப் பிடித்து நிறைநிரல்மானியில் பார்க்கும் முறை 2018இல் வெளியானது.

ஏழாம் படி: ரூபிஸ்கோவின் எழும்பு நிலையை அளத்தல்

இலையில் உள்ள வினைமையங்களில் எத்தனை பங்கு கார்பமேட் பெற்றிருக்கிறது என்பதே அளக்கப்படும் மதிப்பு. இலையை ஒளியில் இருக்கும்போதே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். பறித்து நடந்துபோய் உறையவைத்தால் நிழலில் சென்ற நேரம் மதிப்பில் விழும். பின்னர் கார்பன் டை ஆக்சைடு நீக்கிய, பிஹெச் 8 அளவிலான குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைக்க வேண்டும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நைட்ரஜன் வாயுவைக் குமிழிடச் செய்தால் வாயு நீங்கிவிடும். அரைத்த சாற்றை உடனே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முதல் பங்கில், ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டும் மக்னீசியமும் கதிரியக்கப் பைகார்பனேட்டும் ஆயத்தமாக இருக்கும் கலவையில் சாற்றைச் சேர்த்து, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்திற்குள் அமிலம் ஊற்றி நிறுத்த வேண்டும். இது தொடக்கச் செயல்பாடு. நேரத்தை நீட்டினால், கலவையிலுள்ள பைகார்பனேட்டே தூங்கிய வினைமையங்களை எழுப்பத் தொடங்கும். இரண்டாம் பங்கை ஏறத்தாழ 10 மில்லிமோலார் பைகார்பனேட், 10 முதல் 20 மில்லிமோலார் மக்னீசியம் ஆகியவற்றோடு சில நிமிடங்கள், பொதுவாகப் பத்து நிமிடம் வரை வைத்திருந்து, பின்னர்தான் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் சேர்த்து அதே நேரம் அளக்க வேண்டும். இது மொத்தச் செயல்பாடு. சர்க்கரையை முன்னரே சேர்த்துவிட்டால் மூன்றாம் படியில் சொன்ன முடக்கம் குழாய்க்குள்ளேயே நடந்துவிடும்.

அமிலத்தில் நிறுத்திய மாதிரிகளை உலர்த்தினால் நிலைநிறுத்தப்படாத கார்பன் வாயுவாக வெளியேறிவிடும். மிஞ்சும் கதிரியக்கமே விளைபொருள். தொடக்கச் செயல்பாடு 1.2 என்றும் மொத்தம் 1.6 என்றும் வந்தால் எழும்பு நிலை 75 சதவீதம். பைகார்பனேட் கரைசலை அன்றன்று தயாரிப்பதே நல்லது. மூடி சரியாக இல்லாத புட்டியில் வைத்த பழைய கரைசலிலிருந்து வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, முதல் படியில் போட்ட கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

மொத்தச் செயல்பாடே எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், இரவுத் தடுப்பான் வினைமையங்களை அடைத்திருக்கிறதா என்று ஐயுற வேண்டும். அப்போது கதிரியக்கக் கார்பாக்சி அராபினிடால் பிஸ்பாஸ்பேட்டைக்கொண்டு வினைமையங்களை நேரடியாக எண்ணும் முறைக்குப் போகலாம். கார்பமேட் இல்லாத இடங்களில் பிணைந்த கதிரியக்கத் தடுப்பானை, கதிரியக்கமற்ற அதே பொருளை மிகுதியாகச் சேர்த்துக் கழற்றிவிட முடியும். கார்பமேட் உள்ள இடங்களில் அது கழலாது. எஞ்சுவதே கார்பமேட் பெற்ற வினைமையங்களின் எண்ணிக்கை.

முடிவுகளைப் படிக்கும்போது எழும்பு நிலையை மட்டும் தனியே பார்க்க வேண்டாம். மொத்தச் செயல்பாடு மாறாமல் எழும்பு நிலை மட்டும் இறங்கியிருந்தால், ஆக்டிவேஸையும் ஏடிபி வழங்கலையும் விசாரிக்க வேண்டும். வெப்பம் ஏறிய நாளின் மாதிரிகளில் இதுவே வழக்கமாகக் காணப்படும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நொதியின் அளவு குறைந்ததா, தடுப்பான் கூடியதா என்பதைப் பிரிக்க வேண்டும். எழும்பு நிலை உயர்வாக இருந்தும் இலையின் வாயு உறிஞ்சல் தாழ்ந்திருந்தால், இலைத்துளைகள் மூடியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பின்னர் பச்சையத்தின் ஒளிரும் தன்மையை அளந்து கியூஏவில் எலக்ட்ரான் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.